கூப்பிடாதவரை கெட்டி மண்

கலைமதி வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் தொலைபேசியும் கொடுத்தார்கள். தலைக்கு மேலே சுவரில் ‘அழைப்பின்பேரில் மண்ணியல் ஆலோசனை’ என்று பலகை மாட்டியிருந்தது. சிறுநகரப் பணிகள் வாரியத்தின் செஞ்சிக் கிளை அது. பாலமோ பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ, வாரியம் எதைக் கட்டினாலும் அடியில் இருக்கிற மண் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் உடனே கூப்பிட ஒரு பொறியாளர் வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சென்னை நிறுவனம் ஒன்று அந்த ஒப்பந்தத்தை எடுத்தது. சொந்த ஊர் பக்கத்தில் வல்லம் என்பதால் கலைமதியை இங்கே அனுப்பி வைத்தது.

அடுத்தவர் நிலத்தில் சேறு மிதித்தே கால் வெடித்த குடும்பம் அவளுடையது. “சேத்துலருந்து கரையேறத்தான் உன்னப் படிக்க வெச்சேன். நீ அந்தச் சேத்தையே படிச்சிட்டு வந்து நிக்கிறியே” என்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் மகள் மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துப் பேர் சொல்லும்போது பெருமையாகத்தான் பார்ப்பாள்.

முதல் நாளே உதவிப் பொறியாளர் ஆனந்தராஜிடம் போய் நின்றாள் கலைமதி.

“சார், இப்ப எங்கெங்க வேலை நடக்குது? மண்ணு எடுத்துப் பார்த்துடலாமா?”

“கூப்பிட்டா போலாம் மேடம்.”

“யாரு கூப்பிடணும்?”

“நான்தான்.”

“அப்ப கூப்பிடுங்க சார்.”

“எதுக்கு?” என்று உண்மையாகவே வியந்து கேட்டார் ஆனந்தராஜ். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ராஜகிரிக் கோட்டை மலை ஜன்னல் முழுக்க நின்றது. “பாருங்க. எத்தினி நூறு வருசமா நிக்குது. ஊரு பூரா பாறை. பாறைக்குப் போய் யாராவது மண்ணு டெஸ்ட் எடுப்பாங்களா?”

“மலை பாறைதான் சார். மலைக்கு நடுவுல இருக்கிறதெல்லாம் ஏரியும் குட்டையும். பாதிக்கு மேல தூர்த்துட்டாங்க. அங்க களிமண்ணுக்குக் கீழ பாறை எவ்ளோ ஆழத்துல இருக்குதுன்னு…”

“அதுக்குத்தான உங்கள வெச்சிருக்கோம்” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

வாரம் போய் மாதம் வந்தது. தொலைபேசி ஒலிக்கவில்லை. கலைமதி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். உயிரோடுதான் இருந்தது. வெளியே தோண்டினார்கள், கம்பி கட்டினார்கள், கான்கிரீட் ஊற்றினார்கள். அவள் காலையில் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மாலையில் வீட்டுக்குப் போனாள். ஒருநாள் தானாகவே புதுப் பாலத்து வேலையைப் பார்க்கப் போனதற்கு, அழைப்பில்லாமல் களத்துக்குச் சென்றது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். ஆர்வத்தினால் என்று எழுதிக் கொடுத்தாள். இனி ஆர்வம் ஏற்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி பதில் வந்தது.

வருட முடிவில் அவளுக்கு விருது கொடுத்தார்கள்.

மண்டல இயக்குநர் ரங்கநாதன் அதற்காகவே விழுப்புரத்திலிருந்து வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கியில் பேசுவது போலப் பேசுவார்.

“ஒரு ஊரில் டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் என்ன பொருள்? மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று பொருள். நம் மண்ணியல் பொறியாளரை இந்த ஆண்டு முழுவதும் ஒருவர்கூட அழைக்கவில்லை. மண் நலமாக இருக்கிறது! பக்கத்து மண்டலத்தில் மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். மூன்று முறையும் கோளாறு கண்டுபிடித்திருக்கிறார்கள். அழைப்பதினால் வந்த வினையைப் பாருங்கள்.”

எல்லோரும் கை தட்டினார்கள். கலைமதிக்குச் சால்வை போர்த்தினார்கள். பூஜ்யம் பொறித்த கேடயத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் தங்கை அனு போன் செய்தாள்.

அனுவும் அவள் புருஷன் வீரமணியும் குட்டைத் தெருவில் இருந்தார்கள். வீரமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பேர்தான் குட்டைத் தெரு. குட்டையைத் தூர்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீடுகளுக்கு நடுவே மிச்சமிருந்த காலி இடத்தில் வாரியம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தது. ஆறு தூண், மேலே வட்டமாகத் தொட்டி. வேலை முடிந்து, தண்ணீர் ஏற்றும் விழாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, வீட்டுச் செவுத்துல விரிசல் வுட்டிருக்குது. போன மாசம் மயிரு மாதிரி இருந்துச்சு. இப்ப பாப்பாவோட சுண்டு வெரலு போவுது. நீ வந்து பாக்கிறியா?”

“ஆபீஸ்ல கூப்பிட்டாத்தான்டி நான் வரணும்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை போனாள். அனு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விரிசலைக் காட்டினாள். அது தரையிலிருந்து கிளம்பி ஜன்னல் மூலை வரைக்கும் படிக்கட்டு போல ஏறியிருந்தது. எதிர்வீட்டு இட்லிக் கடை செல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என் வூட்டுக்கும் வாம்மா. மாவுப் பானைய எங்க வெச்சாலும் ஒரு பக்கமாவே வழியுது. கீழ எது வுழுந்தாலும் உருண்டுகினு அந்த டேங்க் பக்கமாத்தான் போவுது. தக்காளி போனா தக்காளி, எலுமிச்சம்பழம் போனா எலுமிச்சம்பழம். கூப்பிட்ட மாதிரி போவுது.”

கலைமதி ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொட்டியின் தூணோரம் தொங்கவிட்டாள். நூல் நேராக நின்றது. தூண் நிற்கவில்லை. மேலே நூலை ஒட்டியிருந்த தூண், கீழே வர வர ஒரு சாண் தூரம் விலகிவிட்டது. தொட்டியில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றவில்லை. விரிசல் இன்னும் விரிகிறதா என்று தெரிந்துகொள்ள அனு வீட்டுச் சுவரில் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினாள்.

“ஒடஞ்சா உடனே சொல்லு.”

புதன்கிழமை காலையில் அனு சொன்னாள். “டொக்குனு சத்தம் கேட்டுது. கண்ணாடி ரெண்டா நிக்குதுக்கா.”

கலைமதி ஆனந்தராஜின் அறைக்கு ஓடினாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடிய யாரு ஒட்டச் சொன்னது?”

“நானாத்தான் ஒட்டுனேன்.”

“ஒட்டலன்னா ஒடஞ்சிருக்காதே மேடம்.”

“சார், டேங்க் சாயுது. கீழ களிமண்ணு. தண்ணி ஏத்துனா எடை பல மடங்கு ஏறும். ஒரு தடவ என்னைக் கூப்பிடுங்க. போர் போட்டு மண்ணு எடுத்துப் பார்த்துட்டு எழுதித் தர்றேன். தண்ணி மட்டும் இப்ப ஏத்த வேணாம்.”

ஆனந்தராஜ் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

“நான் கூப்பிட்டா எனக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னு ஆயிடும். எனக்குச் சந்தேகம்னா, கட்டும்போது ஏன் வரலன்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். ரெண்டாவது இந்த வருசம்தான் காலேஜ் சேர்ந்திருக்குது.”

“அங்க ஒரு தெரு ஜனம் இருக்குது சார்.”

“தெரியும்” என்றார் அவர். “அதனாலதான் நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

ஆனால் வாரியம் சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மறுநாளே ஆட்கள் வந்து தெருவின் விரிசல்களை அளந்து, கட்டடம் வெயிலில் விரிய வேண்டுமென்றே விடுகிற இடைவெளி என்ற பொருளில் ‘விரிவு இணைப்பு’ என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல மையில் எழுதிவிட்டுப் போனார்கள். தன் வீட்டில் இப்படி ஒரு வசதி இருப்பது தனக்குத் தெரியாமலே போயிற்று என்றான் வீரமணி. அதற்கடுத்து ஓவியர்கள் வந்தார்கள். தொட்டியைச் சுற்றி மலையும் கோட்டையும் வரையச் சொல்லி உத்தரவு. தொட்டி சாய்ந்திருந்ததால் படம் கோணலாகத் தெரிந்தது. ஆனந்தராஜ் வந்து பார்த்து, படத்தைத் தரைக்கு நேராக வரையச் சொன்னார். அப்படி வரைந்ததும் கோட்டை நேரானது. தொட்டி முன்னைவிடச் சாய்ந்து தெரிந்தது. பிறகு இரண்டுக்கும் நடுவாக வரைந்தார்கள். அந்தத் தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றியது. எது நேர் என்று யாருக்கும் சொல்ல வரவில்லை.

கலைமதி சென்னை நிறுவனத்துக்குப் பேசினாள். அழைப்பு இல்லாத இடத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்றார்கள். விருதுக்கு வாழ்த்தும் சொன்னார்கள்.

விழா நாள் வந்தது. காலையிலேயே பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். ஆனால் தெரு ஜனம் பந்தலுக்குப் போகாமல் பம்பு அறைக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டது. முதல் வரிசையில் செல்லம்மாள்.

“நிமித்திட்டு அப்பறம் தண்ணி ஏத்துங்க” என்றாள்.

காரிலிருந்து இறங்கிய ரங்கநாதன் நிலைமையைக் கேட்டறிந்தார். அவர் முகம் மலர்ந்தது. “இதற்காகத்தானே நம்மிடம் ஒரு சேவை இருக்கிறது? அழையுங்கள்!”

கலைமதி அப்போது பந்தல் காலுக்குப் பக்கத்தில் அனுவோடு நின்றுகொண்டிருந்தாள். ஆனந்தராஜ் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கைபேசியை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். அவள் பையில் மணி ஒலித்தது. எடுத்தாள்.

“மேடம், வணக்கம். குட்டைத் தெருவுக்கு வர முடியுமா?”

“இங்கதான் சார் இருக்கேன்.”

“வந்து சேர்ந்துட்டாங்க சார்” என்று ஆனந்தராஜ் இயக்குநரிடம் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அனு சிரிக்கவில்லை.

கலைமதிக்கு மட்டும் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. கூப்பிட்டுவிட்டார்கள். “சார், மெஷின் கொண்டாந்து நாலு எடத்துல போர் போடணும். அதுவரைக்கும் பம்பு போட வேணாம்” என்றாள்.

“போரெல்லாம் வேண்டாம்மா” என்றார் ரங்கநாதன் கனிவாக. “நீங்கள் தொட்டிக்குக் கீழே போய் நில்லுங்கள். போதும்.”

“நின்னு?”

“நில்லுங்கள், அவ்வளவுதான். மண்ணைப் படித்தவரே கீழே நிற்கிறார் என்றால் படிக்காதவர்களுக்கு என்ன பயம்? உங்கள் படிப்பு பயன்படப் போகிற நாள் இது.” ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார். “நின்றுகொண்டு ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை.”

அவள் வாங்கிக்கொண்டாள். ஜனம் அவளையே பார்த்தது. அவர்களில் யாரும் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் இல்லை. ஆனால் அனுவின் அக்கா என்று தெரியும். அவள் போய் நின்றால் எழுந்துவிடுவார்கள், வீட்டுக்குள் போய் உலை வைப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குள் யாரோ பின்வழியாகப் புகுந்து பம்பைப் போட்டுவிட்டார்கள். குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

கலைமதி ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“எல்லாரும் வீட்ட விட்டு வெளிய வாங்க. பெரியவங்கள, கொழந்தைங்கள முதல்ல கூட்டினு ரோட்டுக்குப் போங்க. பொருள எடுக்காதீங்க. இது வுழும். அனு, நீ பாப்பாவத் தூக்கினு ஓடு.”

முதலில் செல்லம்மாள் எழுந்தாள். அவள் எழுந்ததும் தெருவே எழுந்தது. ரங்கநாதன் ‘ஒலிவாங்கியில் கோளாறு’ என்று கத்திக்கொண்டிருந்தார். ஓடுகிறவர்களைப் பார்த்து, ஓடுவது விதிமீறல் என்றும் சொன்னார். பம்பை நிறுத்தச் சொல்லிக் கலைமதி ஓடினாள். பம்பு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன ஆள் மாவட்டத்திலிருந்து வரும் தலைமை விருந்தினரை வரவேற்க நின்றிருந்தான். விருந்தினர் வர நேரமாகும் என்று தெரிந்ததும் அதிகாரிகள் சாப்பிடப் போனார்கள்.

தொட்டி அவசரப்படவில்லை. நண்பகல் தாண்டியும் நின்றது. சாலையில் நின்ற ஜனத்துக்கு வெயிலில் கண் எரிந்தது. சிலர் முணுமுணுக்கவும் தொடங்கினார்கள். “இன்னாமா, அடுப்ப அணைக்காம வந்துட்டேன்” என்றாள் ஒருத்தி. வீரமணி திரும்பித் திரும்பித் தன் ஆட்டோவைப் பார்த்தான். அது வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. இன்னும் பாதித் தவணைகூடக் கட்டி முடியாத வண்டி.

“வேணாம் வீரா” என்றாள் கலைமதி.

“ஒரு நிமிசம்க்கா. ஓட்டினு வந்துடறேன்.”

அவன் வண்டியைக் கிளப்பித் திருப்பும்போது தூணிலிருந்து பட்டாசு வெடித்தது போலச் சத்தம் வந்தது. தொட்டி விழவில்லை. உட்கார்ந்தது. ஒரு பக்கத் தூண்கள் வெண்ணெயில் இறங்குவது போல மண்ணுக்குள் இறங்கின. அதன்பிறகுதான் மொத்தமும் திரும்பி, வரைந்த கோட்டையோடும் மலையோடும், அனுவின் வீட்டின்மேலும் செல்லம்மாளின் கடைமேலும் பந்தலில் கிடந்த காலி நாற்காலிகள்மேலும் சரிந்தது. தண்ணீர் சாலை வரைக்கும் வந்து எல்லோருடைய காலையும் நனைத்தது.

யாரும் சாகவில்லை. வீரமணியை ஆட்டோவின் அடியிலிருந்து எடுத்தார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்ததும் அவன் வண்டி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டான். அனு வெளியே வந்து தாழ்வாரத்தில் அக்காவின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள்.

விசாரணை நடந்தது. நடத்தியவர் ரங்கநாதன்.

“தொட்டி கட்டி முடித்த நாளிலிருந்து உங்களை அழைக்கும் வரைக்கும் நின்றது. சரிதானே?”

“சாய்ஞ்சு நின்னுது சார்.”

“நின்றது. உங்களை அழைத்த அன்றே விழுந்தது. இதில் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா?”

“தண்ணி ஏத்துனதால விழுந்துது சார்.”

“தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றாமல் என்ன ஏற்றுவார்கள்?” என்று கேட்டுவிட்டு, முடிவை வாசித்தார். ஒரு தெரு ஜனம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஓடியதால் நிலம் அதிர்ந்து தொட்டி சரிந்தது. ஓடச் சொன்னவர் பொறியாளர். ஆயினும் உயிர்ச்சேதம் இல்லாததைக் கருதி அவரை மன்னித்து, சேவையைத் தொடர வாரியம் இசைகிறது. பொறியாளர் நேரில் வருவதே பதற்றத்துக்குக் காரணம் என்பதால் இனி அவர் களத்துக்கு வர வேண்டியதில்லை. கேள்விகளுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொன்னால் போதும்.

வேலையை விட்டுவிடலாம் என்று கலைமதி நினைத்தாள். வீரமணியின் மருந்துச் செலவும் அனுவின் வாடகையும் அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. விடவில்லை.

ஒருநாள் மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தாள். ஆனந்தராஜ்தான், அடுத்த அறையிலிருந்து.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. செஞ்சியில பாறை இருக்குதா?”

“இருக்குது சார். ஆனா எந்த எடத்துல, எவ்ளோ ஆழத்துலன்னு…”

இணைப்பு அறுந்துவிட்டது. எழுந்து அவர் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. அவர் விடுப்பில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து அனு பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் தெம்பு இருந்தது. “அக்கா, எங்க தெருவுக்கே எடம் குடுத்துட்டாங்க. மேல்சித்தாமூர் ரோட்டுல. இன்னிக்கு கடைக்கால் தோண்டுறாங்க. நீ வாயேன்.”

கலைமதி போனாள். ஊருக்கு வெளியே, சுற்றிலும் பாறைக் குன்றுகள், நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சமமாகச் செம்மண் கொட்டிப் பரப்பிய இடம். சுண்ணாம்புக் கோடு போட்டு மனை பிரித்திருந்தார்கள். வீரமணி கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு தன் மனையின் மூலையில் நின்றான். செல்லம்மாள் தன் கடைக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

“இங்க முன்னாடி இன்னா இருந்துது?” என்று கேட்டாள் கலைமதி.

“கல்லுகுவாரி” என்றாள் அனு. “பெரிய பள்ளமா கெடந்துச்சாம். ஊரு குப்பைய எல்லாம் கொட்டி, அந்த டேங்க் ஒடஞ்சதையும் கொட்டி, மேல மண்ணு போட்டுக் கொடுத்துட்டாங்க. எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஆபீசருங்களே சொன்னாங்க, உங்க அக்காவத்தான் போன்ல கேட்டோம், பாறை இருக்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்கன்னு. அதான் தெகிரியமா கையெழுத்துப் போட்டேன். எல்லாருக்கும் நான்தான் சொன்னேன், எங்க அக்கா சொன்னா சரியா இருக்கும்னு. எல்லாரும் போட்டுட்டாங்க.”

கலைமதி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்த பச்சைமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். கடப்பாறையை நிமிர்த்தித் தரையில் வைத்து, கையை எடுத்தார். அது தன் பாட்டுக்கு இறங்கியது. முக்கால் பாகம் போய் நின்றது. கடப்பாறையைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்து சூடாக, அழுகல் வாடையோடு மெல்லக் காற்று வந்தது.

“ஊரு பூரா கல்லுலயே மோதிக் கை காய்ச்சிப் போச்சு மேடம்” என்றார் பச்சைமுத்து. “இங்கதான் வேலை சொகமா இருக்குது. மண்ணு பூவாட்டம் இருக்குது பாருங்க.”

“அக்கா, இன்னா மூஞ்சி இப்பிடி ஆயிட்டுது?” என்றாள் அனு.

கலைமதி அவள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, கால் பதிகிற ஒவ்வொரு இடத்தையும் பார்த்துப் பார்த்து வைத்து, பாறை தெரிகிற பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.